நியூசிலாந்து தென் தீவு மலைச்சாலைப் பயணம்: சிங்கப்பூரிலிருந்து போவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிறைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்து, டெக்கப்போ, அவுராக்கி மவுண்ட் குக், வானாக்கா, ஹாஸ்ட் கணவாய், ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறுகள், ஹோக்கிட்டிக்கா, ஆர்தர்ஸ் கணவாய் என்று சுற்றி மறுபடி கிறைஸ்ட்சர்ச் வந்து சேரும் வட்டப்பாதைக்கான கேள்வி பதில்கள் இவை. மொத்தம் சுமார் 1,200 கி.மீ. ஏரி, பனியாறு, அருவி மூன்றும் ஒரே வட்டத்தில் கிடைப்பதாலும், சாங்கியிலிருந்து நேரடி விமானம் இருப்பதாலும், அங்கேயும் இடப்பக்கமே ஓட்டுவதாலும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

எத்தனை நாள் வேண்டும்? ஐந்து நாளில் முடியாதா?

ஓட்டி முடிக்கலாம், பார்த்து முடிக்க முடியாது. 10 இரவு வைத்துக்கொள்ளுங்கள்: கிறைஸ்ட்சர்ச் 1, டெக்கப்போ 1, மவுண்ட் குக் 2, வானாக்கா 1, ஃபாக்ஸ் அல்லது ஃபிரான்ஸ் ஜோசஃப் 2, ஹோக்கிட்டிக்கா 1, திரும்பவும் கிறைஸ்ட்சர்ச் 1, ஒரு இரவு உபரி. அந்த உபரி இரவை வெட்டிவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து வெட்டாதீர்கள், ஏன் என்பது கீழே மழை பற்றிய கேள்வியில் இருக்கிறது.

துவாஸிலிருந்து சாங்கி வரை மொத்தமே 50 கி.மீ. இருக்கும் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு, கிலோமீட்டரை வைத்து நேரம் கணிப்பது இங்கே பலிக்காது. கிறைஸ்ட்சர்ச் – டெக்கப்போ 225 கி.மீ.; நிற்காமல் ஓட்டினால் 3 மணி நேரம். வானாக்கா – ஃபாக்ஸ் 262 கி.மீ.; வரைபடம் மூன்றரை மணி நேரம் என்று காட்டும். வளைவு, ஒற்றைத்தடப் பாலம், அருவி நிறுத்தங்கள், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு முழுப் பகல் போய்விடும். வரைபடம் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் இரட்டிப்பாக்குங்கள்.

இறங்கிய அன்றே டெக்கப்போவுக்கு ஓட்டுவதும் தவறு. சிங்கப்பூர் விமானம் இரவெல்லாம் பறந்து காலையில் இறங்கும். அங்கே நேரம் நம்மைவிட 4 மணி முன்னே; செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 5 மணி முன்னே. அதனால் உடல் கணக்கில் இன்னும் விடிந்தே இருக்காது. முதல் இரவு ஊரிலேயே தங்கி மளிகை வாங்குங்கள். கிளம்பியே ஆக வேண்டும் என்றால் வழியிலுள்ள ஜெரால்டைன் ஊர் வரை போதும்.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

முதலில் தெற்கே டெக்கப்போ, பிறகு மேற்குக் கரை, கடைசியில் ஆர்தர்ஸ் கணவாய். இதற்கு இரண்டு காரணங்கள். டெக்கப்போவைச் சுற்றியுள்ள மெக்கன்சி சமவெளியின் சாலைகள் அகலமானவை, நேரானவை. காரும் கையும் பழக முதல் மூன்று நாள் அங்கே கிடைக்கிறது. இரண்டாவது, ஆர்தர்ஸ் கணவாயின் செங்குத்தான பகுதி மேற்கே ஓட்டிரா பக்கம் இருக்கிறது. ஹோக்கிட்டிக்காவிலிருந்து வந்தால் அதில் ஏறுவீர்கள், எதிர்த்திசையில் வந்தால் இறங்குவீர்கள். ஏற்றம் எஞ்சினுக்குத்தான் வேலை. இறக்கம் பிரேக்குக்கும் ஓட்டுநரின் நரம்புக்கும் வேலை.

எந்த மாதம் போகலாம்? பள்ளி விடுமுறையில்தான் முடியும்.

நவம்பர், டிசம்பர் விடுமுறையே இந்த வட்டத்துக்குச் சிறந்தது. டிசம்பரில் 6 மணிக்கு முன்பே விடிந்துவிடும், இருட்ட இரவு 9 மணிக்கு மேலாகும். வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த நீண்ட பகல் பெரிய வரம். தாமதமானாலும் வெளிச்சத்திலேயே ஓட்டி முடிக்கலாம். டெக்கப்போ கரையில் லூபின் பூக்கள் பூப்பதும் அப்போதுதான். (அழகுதான், ஆனால் அங்கே அது ஆற்றுப்படுகைகளை அடைக்கும் களை. விதையைப் பறித்துக்கொண்டு வர வேண்டாம்.)

ஜூன் விடுமுறையில் அங்கே குளிர்காலம். கிறைஸ்ட்சர்ச்சில் காலை 8 மணிக்கு விடிந்து மாலை 5 மணிக்கு இருட்டிவிடும். மலை நிழலில் இருக்கும் வளைவுகளில் காலை 10 மணி வரை உறைபனி உருகாது. அதாவது ஓட்டத் தகுந்த பகல் 10 முதல் 4 வரைதான். குளிர்காலத்தில் ஓட்டிய அனுபவம் இல்லாதவர்கள் ஜூனில் போனால் டெக்கப்போ, மவுண்ட் குக் மட்டும் பார்த்துத் திரும்புவது நல்லது. மார்ச் ஒரு வார விடுமுறை பருவநிலைக்கு மிக நல்லது. ஆனால் ஒரு வாரத்தில் முழு வட்டம் வேண்டாம், பாதியைப் பாருங்கள்.

விசா வேண்டுமா?

கடவுச்சீட்டைப் பொறுத்தது, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் என்.இசட்.இ.டி.ஏ என்ற மின்னணு அனுமதி போதும். செயலியில் எடுத்தால் 17 நியூசிலாந்து வெள்ளி, இணையத்தில் 23. கூடவே 2024 அக்டோபர் முதல் 100 வெள்ளி பயணிகள் வரி. 72 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்தாலும் முழு வருகையாளர் விசா எடுக்க வேண்டும். கணவன் இந்தியக் குடிமகன், மனைவி சிங்கப்பூர்க் குடிமகள் என்ற கலப்புக் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் விசாவைக் கவனியுங்கள். இவை தவிர எல்லாரும் பயணத்தை ஒட்டி இலவசப் பயணி அறிவிப்புப் படிவத்தையும் நிரப்ப வேண்டும்.

சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

செல்லும். ஆங்கிலத்தில் இருப்பதால் அனைத்துலக அனுமதி தேவையில்லை. தமிழ்நாட்டில் எடுத்த உரிமமும் காலாவதியாகாமல், ஆங்கிலத்தில் விவரம் இருந்தால் போதும். சிங்பாஸ் செயலியை நம்பிப் போகாமல் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். ஓட்டும்போது அசல் உரிமம் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உங்களுடையது 3A என்றால் ஆட்டோ கியர் கார் என்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள்.

எந்த மாதிரி கார்? காப்புறுதி எவ்வளவு எடுக்க வேண்டும்?

நால்வருக்கு நடுத்தர எஸ்.யூ.வி. வசதி. நால்சக்கர இயக்கம் கோடையில் தேவையில்லை. குளிர்காலத்தில் வழுக்கும் ஏற்றத்தில் நகர அது உதவும். ஆனால் நிறுத்துவதற்கு உதவாது. பனியில் நாலு சக்கரமும் சேர்ந்துதான் வழுக்கும்.

வாடகைக்குள் அடிப்படைக் காப்புறுதி இருக்கும், ஆனால் விபத்தானால் முதல் சில ஆயிரம் வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். அந்தத் தொகையைக் குறைக்கும் கூடுதல் காப்பை எடுப்பதே மேல். எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: முன்கண்ணாடி, டயர், காரின் அடிப்பாகம். சாலையில் தளர்ந்து கிடக்கும் சரளைக்கல் எதிரே வரும் வண்டியின் சக்கரத்தில் தெறித்து முன்கண்ணாடியில் விரிசல் விடுவது அங்கே சாதாரணம். தார் போடாத சாலைகளில் சிலவற்றுக்கு ஒப்பந்தம் தடை விதித்திருக்கும். அந்தப் பட்டியலையும் படியுங்கள்.

டீசல் கார் மலிவாகத் தோன்றினால், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சாலைவரி தனியாகச் சேர்ப்பார்களா என்று விசாரியுங்கள். எரிபொருள் நிரப்பும்போது கவனம்: பெட்ரோலில் 91 என்பதுதான் அங்கே சாதாரண ரகம், டீசல் குழாயின் பிடி பெரும்பாலும் கறுப்பு. ஆளில்லாத நிலையங்களில் ரகசிய எண் உள்ள அட்டை வேண்டும்.

மலையில் ஓட்டியதே இல்லை. என்ன வித்தியாசம்?

புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான். பலருக்கு அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் சாய்தளம் தவிர வேறு ஏற்றம் பழக்கமில்லை. கேமரன் மலைக்கு ஓட்டிப் போனவர்களுக்கு ஓரளவு கை பழகியிருக்கும். இந்த வட்டத்தில் லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர், ஆர்தர்ஸ் 920, ஹாஸ்ட் 560-ஐ ஒட்டியது. வானாக்காவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்குக் குறுக்கே போகும் கிரௌன் ரேஞ்ச் சாலை 1,000 மீட்டரையும் தாண்டும்.

கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இறக்கம். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தபடி வந்தால் பிரேக் பட்டைகள் சூடேறும், எண்ணெயும் கொதிக்கும், மிதி பஞ்சு போல் உள்ளே போகும், வேகம் குறையாது. தீய்ந்த வாசனை வந்தால் அதுதான் எச்சரிக்கை. இதைத் தவிர்க்க, இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் கீழே இறக்குங்கள்: ஆட்டோவில் எல், அல்லது கையால் மாற்றும் முறையில் 2 அல்லது 3, ஹைப்ரிட் காரில் பி. எஞ்சின் உறுமும், அது சரியான சத்தம்தான். பிரேக்கை வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விடுங்கள். எந்தக் கீழ்க்கியரில் எப்படிப் போவது என்று வாடகைக் கடையிலேயே நின்று பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது வேகம். ஊருக்கு வெளியே உச்சவரம்பு 100 கி.மீ.; நம் விரைவுச்சாலையின் 90-ஐவிட அதிகம். ஆனால் இது எதிரும் புதிருமாக வண்டி வரும் இருவழிச் சாலை, நடுவில் தடுப்பும் கிடையாது. வரம்பு 100 என்பதால் 100-இல் போக வேண்டும் என்பதில்லை. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35, 45 என்று போட்டிருந்தால், அந்த எண்ணுக்கு வளைவுக்குள் நுழையும் முன்பே வந்துவிட வேண்டும். உங்கள் பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அங்கே அது பணிவு மட்டுமல்ல, எதிர்பார்க்கப்படும் நடைமுறை. பின்னால் பொறுமையிழந்தவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்துவதுதான் உங்களுக்கும் ஆபத்து.

இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம் என்பது பெரிய நன்மை. எதிரே வருபவருக்கும் அது பழக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்த பயணிகள் காட்சியிடத்திலிருந்து வெளியேறும்போது மறந்து தவறான பக்கம் ஏறிவிடுவது உண்டு. காட்சியிடங்களுக்கு அருகே வேகத்தைக் குறைத்து வாருங்கள்.

படமெடுக்க நடுச்சாலையிலோ பாலத்திலோ வளைவிலோ நிறுத்தாதீர்கள். அடுத்த ஒதுங்கிடம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். காரின் நாலு சக்கரமும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள்.

ஒற்றைத்தடப் பாலத்தில் யார் முதலில் போவது?

மேற்குக் கரையில் இவை ஏராளம். பலகையைப் பாருங்கள். சிவப்பு வளையத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீலச் சதுரத்தில் உங்கள் திசை அம்பு பெரியதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. முன்னுரிமை இருந்தாலும் எதிரே ஒரு வண்டி ஏற்கெனவே பாலத்தில் ஏறிவிட்டால் நில்லுங்கள். வழிவிட நிற்கும்போது பாலத்தின் வாயை அடைத்து நிற்காமல், கோட்டுக்கு முன்பே நில்லுங்கள். நீண்ட பாலங்களில் மறுமுனை தெரியாத மழை நேரத்தில் விளக்கைப் போட்டே ஏறுங்கள்.

பனிச்சங்கிலி தேவையா? எப்படி மாட்டுவது?

மே முதல் செப்டம்பர் வரை கணவாய் எதையாவது கடப்பதாக இருந்தால் காரில் இருக்க வேண்டும். கோடையில் தேவையில்லை. கார் எடுக்கும்போதே, எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்று கேளுங்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், பெரும்பாலான கார்களில் அது முன்சக்கரம். தவறான சக்கரத்தில் மாட்டினால் சங்கிலி இல்லாததற்குச் சமம்.

சமதளமான ஒதுங்கிடத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, அபாய விளக்கைப் போடுங்கள். சங்கிலியைச் சிக்கல் எடுத்து விரித்து, டயரின் பின்புறக் கொக்கியை முதலில் மாட்டுங்கள், பிறகு முன்புறம், கடைசியில் இழுத்து இறுக்குங்கள். சில மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாம் இறுக்கத்தை விட்டவர்களுக்குத்தான் சங்கிலி கழன்று சக்கர வளைவில் அடித்துக் காரைக் கெடுக்கும். 40 கி.மீ.-க்கு மேல் போகாதீர்கள். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். ரப்பர் கையுறையும், முழங்காலுக்குப் போட ஒரு பாயும் கூடவே இருக்கட்டும்.

வெண்பனியைவிடக் கண்ணுக்குத் தெரியாத கறும்பனி மோசம். பாலங்களில் முதலில் உறையும், ஏனென்றால் குளிர்காற்று மேலும் கீழும் படுகிறது. சாலை ஈரமாக மின்னுகிறது, ஆனால் முன்வண்டியின் சக்கரம் நீரைத் தெறிக்கவில்லை என்றால் அது நீரல்ல. அதில் பிரேக்கும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். காலை எடுத்துவிட்டு நேராகப் போகவிடுங்கள்.

ஏரிகள் ஏன் அந்த நிறம்? எங்கே நிறுத்துவது?

பனியாறு நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது. அந்தப் பாறைமாவு உருகுநீரோடு ஏரிக்கு வந்து, கீழே படியாமல் மிதந்தபடி ஒளியைச் சிதறடிக்கிறது. டெக்கப்போவும் புக்காக்கியும் பாலில் நீலம் கலந்தது போல் இருப்பது இதனால்தான். வெயில் உச்சியில் இருக்கும்போது நிறம் முழுதாகத் தெரியும், மேகமூட்டத்தில் மங்கிவிடும். அதனால் புக்காக்கிக் கரையில் நண்பகலில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

டெக்கப்போவில் 1935-இல் கட்டிய கல்தேவாலயத்தைப் பார்க்கப் பகலில் கூட்டம் அலைமோதும்; விடியற்காலை போங்கள். இரவில் வானம் பாருங்கள்: இந்தப் பகுதி 2012 முதல் அனைத்துலக இருண்டவானக் காப்பகம். நிலா இல்லாத வாரமாகத் தேர்ந்தால், சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகள் பால்வெளியை முதன்முறை கண்ணால் காண்பார்கள். காரின் விளக்கையும் கைபேசித் திரையையும் அணைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

புக்காக்கி முனையிலிருந்து நெடுஞ்சாலை 80 ஏரியை ஒட்டியே 55 கி.மீ. மவுண்ட் குக் கிராமத்துக்குப் போகிறது. எதிரே 3,724 மீட்டர் உயர அவுராக்கி நின்றுகொண்டே இருக்கும். இந்த வட்டத்தில் மிக அழகான ஒரு மணி நேரம் இதுதான். இதை இருட்டில் ஓட்டிக் கடந்துவிடாதீர்கள்.

பனியாற்றுக்கு அருகே நடந்து போக முடியுமா?

பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப் இரண்டும் வெகுதூரம் பின்வாங்கிவிட்டன. ஃபாக்ஸ் பள்ளத்தாக்குச் சாலை 2019 நிலச்சரிவுக்குப் பிறகு மூடப்பட்டது. தென்கரை நடைபாதையிலிருந்து தொலைவில்தான் பார்க்கலாம். ஃபிரான்ஸ் ஜோசஃபில் சென்டினல் பாறைக்கு ஏறி இறங்க 20 நிமிடம், அங்கிருந்து காட்சி. பனிமேல் கால் வைக்க வேண்டுமானால் ஹெலிகாப்டர் ஒன்றே வழி. மேகம் இறங்கினால் அது ரத்தாகும், அடிக்கடி ரத்தாகும். ஆகவே இரண்டு இரவில் முதல் காலைக்கே முன்பதிவு செய்யுங்கள். ரத்தானால் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டவே தாண்டாதீர்கள். 2009 ஜனவரியில் ஃபாக்ஸில் தடுப்பைக் கடந்து பனிமுகத்துக்கு அருகே போன சகோதரர்கள் இருவர் பனிக்கட்டி சரிந்து இறந்தார்கள். பனி எப்போது உடையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

காரை நிறுத்தி நடந்தே பனியாற்றைப் பார்க்க விரும்புவோருக்கு மவுண்ட் குக் பக்கம் டாஸ்மன் பனியாற்றுக் காட்சிமேடை நல்லது: படிகளில் சுமார் 20 நிமிட ஏற்றம். நாட்டின் மிக நீளமான பனியாறு அது. கீழே தெரியும் சாம்பல்நிற ஏரி 1970-களுக்கு முன் அங்கே இல்லை. பனி உருகியே உண்டானது. ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை போய்வர 10 கி.மீ., பெரும்பாலும் சமதளம். 2025-இல் இரண்டாம் தொங்குபாலம் அருகே கரை அரிக்கப்பட்டு மேற்பகுதி மூடப்பட்டதால், போகும் முன் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் நிலவரத்தைப் பாருங்கள்.

ஃபாக்ஸிலிருந்து 6 கி.மீ. தள்ளி மாத்தீசன் ஏரி. காட்டு இலைமக்கு ஊறி நீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருக்கும். அதனாலேயே கண்ணாடி போல் மலையைப் பிரதிபலிக்கும். விடியற்காலையில், காற்று எழும் முன் போங்கள். சுற்றிவர ஒன்றரை மணி நேரம்.

அருவிகளில் எவை தவறவிடக் கூடாதவை? அம்மா அப்பாவுக்கு 70 வயது.

ஹாஸ்ட் கணவாய்ப் பாதையில் வானாக்காவிலிருந்து வரும்போது வரிசையாக வரும்: ஃபேன்டெயில், தண்டர் கிரீக், ரோரிங் பில்லி. முதல் இரண்டும் கார்நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடைதான். தண்டர் கிரீக் 28 மீட்டர் ஒரே வீழ்ச்சி. பெரியவர்களுக்கு அது போதும். ஆர்தர்ஸ் கணவாய் கிராமத்தில் டெவில்ஸ் பஞ்ச்போல் அருவி 131 மீட்டர். போய்வர ஒரு மணி நேரம், ஆனால் படிகள் மிகுதி. முழங்கால் வலி உள்ளவர்கள் கிராமத்துச் சாலையிலிருந்தே தூரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள்தான் அருவிகள் முழுப் பொலிவோடு இருக்கும்.

மழை பெய்தால் என்ன செய்வது?

மேற்குத் தொடர்ச்சி மலையை நினைத்துக்கொள்ளுங்கள். கேரளப் பக்கம் கொட்டும் மழை, மலை தாண்டினால் தேனியில் வெயில். இங்கும் அதேதான்: டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென் ஆல்ப்ஸ் மலையில் மோதி மேற்கே கொட்டிவிட்டு, கிழக்கே டெக்கப்போவில் வறண்டு இறங்குகிறது. சிங்கப்பூரின் ஆண்டு மழை சுமார் 2,100 மி.மீ.; தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள மில்ஃபர்ட் சவுண்டில் 6,000-க்கு மேல்.

இங்கே மழை நனைப்பதோடு நிற்காது, சாலையையும் எடுத்துக்கொண்டு போகும். 2013 செப்டம்பரில் ஹாஸ்ட் சாலையில் டயானா அருவி அருகே நிலச்சரிவில் கேம்பர்வேன் ஒன்று அடித்துச் செல்லப்பட்டு இருவர் இறந்தார்கள். 2019 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஜோசஃபின் வைஹோ பாலத்தையே வெள்ளம் கொண்டுபோனது. மூன்று வாரத்துக்குள் புதுப்பாலம் போட்டார்கள். அதுவரை 23 கி.மீ. தொலைவிலுள்ள ஃபாக்ஸுக்குப் போக தீவையே சுற்ற வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் இருப்பது ஒரே சாலை. அது மூடினால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை, அதற்காகத்தான் அந்த உபரி இரவு.

தினமும் காலையில் இரண்டைப் பாருங்கள்: வானிலை அமைப்பான மெட்சர்வீஸின் மழை எச்சரிக்கை, போக்குவரத்து அமைப்பின் சாலைநிலவர வரைபடம். மேற்கே கனமழை எச்சரிக்கை வந்தால் வானாக்காவிலேயே ஒரு நாள் கூடுதலாக இருங்கள். உபரி இரவை அங்கே செலவிடுவது, ஹாஸ்ட்டில் மாட்டிக்கொண்டு விமானத்தைத் தவறவிடுவதைவிட மேல். மேற்குக் கரை விடுதிகளை ரத்துசெய்ய இடம்கொடுக்கும் கட்டணத்தில் பதிவு செய்யுங்கள்.

மில்ஃபர்ட் சவுண்டையும் சேர்க்கலாமா?

இந்த 10 இரவுக்குள் வேண்டாம். குவீன்ஸ்டவுனிலிருந்து போகவே 288 கி.மீ.; ஒரே நாளில் போய்வருவது 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். போயே ஆக வேண்டுமானால் வழியிலுள்ள தெ அனாவ் ஊரில் இரண்டு இரவு சேருங்கள், அங்கேயே தொட்டியை நிரப்புங்கள். அந்தச் சாலையிலுள்ள ஹோமர் சுரங்கம் சுமார் 1.2 கி.மீ., உள்ளே இறக்கம், விளக்குச் சமிக்ஞைப்படி ஒருதிசையாக விடுவார்கள்.

பெட்ரோலும் கைபேசித் தொடர்பும்?

தொட்டி பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். வானாக்காவில் நிரப்புங்கள், ஹாஸ்ட்டில் மறுபடி நிரப்புங்கள். ஹாஸ்ட்டிலிருந்து ஃபாக்ஸ் வரை 120 கி.மீ. இடையில் நிலையத்தை எதிர்பார்க்காதீர்கள். கணவாய்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள், விடுதி முகவரிகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அவசர எண் 111.

சிங்கப்பூர் சட்டத்திலிருந்து வேறுபடும் விதிகள்?

ஏழு வயது நிறையாத குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம். நம்மூர்க் கணக்கு போல் 1.35 மீட்டர் உயரம் அல்ல, வயதுதான் அளவு. மது அளவும் கடுமை: இரத்தத்தில் 100 மி.லி.-க்கு 50 மி.கி., நம்மூரில் 80. ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எதையெல்லாம் கொண்டு போகலாம்?

சமையலறை உள்ள மோட்டல் அறைகளைப் பதிவு செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கிறைஸ்ட்சர்ச்சில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். இந்திய மளிகைக்கடைகளும் உண்டு. அடுத்த பெரிய பேரங்காடி வானாக்காவில், அதற்கடுத்தது ஹோக்கிட்டிக்காவில். நடுவில் ஃபாக்ஸ், ஹாஸ்ட்டில் சிறு கடைகள்தான், விலையும் கூட. உணவகங்கள் இரவு 8 மணிக்கே அடுப்பை அணைத்துவிடும். சைவக்காரர்களும் ஹலால் பார்ப்பவர்களும் மேற்குக் கரை நாட்களுக்கான சமையலை வானாக்காவிலேயே திட்டமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன மின்சோற்றுப்பானை கொண்டு போகலாம். மின்னழுத்தம் ஒன்றே, செருகிதான் வேறு: சாய்ந்த தட்டைக்கால் உள்ள மாற்றி வேண்டும்.

எல்லையில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமை. அறிவிக்காத உணவுக்கு அந்த இடத்திலேயே 400 வெள்ளி அபராதம். தேக்காவில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் கூடாது. கோவில் பிரசாதமாகப் பையில் மறந்து கிடக்கும் தேங்காய், வாழைப்பழம், பூ இவைதான் நம்மவர்களை அதிகம் மாட்டிவிடுபவை. கிளம்பும் முன் கைப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். கடையில் பொட்டலமாக வாங்கிய சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, முறுக்கு இவற்றைப் பிரிக்காமல் கொண்டுபோய், படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதி, காட்டுங்கள். அறிவித்த பொருளை அவர்கள் ஏற்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் கிடையாது. மலையேறும் காலணியின் அடியில் மண் ஒட்டியிருந்தால் வீட்டிலேயே கழுவுங்கள்.

பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வருகிறது.

கைபேசி, புத்தகம் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு முன்னே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு காலியாகவும் வேண்டாம், நெய்தோசையும் வேண்டாம்; இரண்டு இட்லி அளவு எளிதான சாப்பாடு. மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டு, வளைவு தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை.

கியா பறவையும் மணல் ஈயும் உண்மையிலேயே தொல்லையா?

கியா என்பது ஆர்தர்ஸ் கணவாய்ப் பக்கம் காணும் மலைக்கிளி, மிகுந்த அறிவு. காரின் துடைப்பான் ரப்பரையும் கதவோர ரப்பரையும் பிய்த்துவிடும், திறந்த ஜன்னலில் பையை இழுக்கும். உணவு போடாதீர்கள், அருகிவரும் இனம், மனித உணவு பழகினால் சாலையிலேயே சுற்றித்திரிந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

மணல் ஈ மேற்குக் கரை முழுக்க உண்டு. கொசுவைவிடச் சிறியது, கடித்தால் நாட்கணக்கில் அரிக்கும். நடந்துகொண்டே இருந்தால் அண்டாது, நின்றால் மொய்க்கும். கணுக்கால் மூடும் காலுறை போட்டு, வெளியே தெரியும் தோலில் விரட்டி மருந்து தடவுங்கள். கார்க் கதவைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே நுழைந்தவை அடுத்த 100 கி.மீ.-க்கும் கூடவே வரும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது?

எடுத்த அன்றே காரைச் சுற்றி, முன்கண்ணாடி, நாலு சக்கர விளிம்பு, கூரை உட்படக் காணொளி எடுத்து வைத்திருங்கள். கொடுக்கும்போதும் அதே வரிசையில் எடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலேயே கடைசியாகத் தொட்டியை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்தர்ஸ் கணவாயிலிருந்து நேராக விமான நிலையம் போக நேரம் சரியாக இருக்கிறது என்று தோன்றினாலும், முந்தைய இரவே ஊருக்குள் வந்து தங்கிவிடுங்கள். கணவாயில் பனியோ சரிவோ இருந்தால் மாற்றுவழியான லூயிஸ் கணவாய்க்குப் பல மணி நேரம் கூடுதலாகும்.